எந்தத் தேதியில் கை வலி வந்தது?

கை வலிக்கிறது என்று நம் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். வாயுப் பிடிப்பு என்பார்கள். ஏர்கான் காற்று நேரே அடிக்கிற இடத்தில் படுத்திருப்பாய், ராத்திரியில் தலைக்குக் குளித்திருப்பாய், கையை மடக்கி வைத்துத் தூங்கியிருப்பாய், நாற்பதைத் தாண்டினால் இதெல்லாம் வரத்தான் செய்யும் என்று வரிசையாக வரும். கடைசியில் யாராவது ஒரு பெரியம்மா கைப்பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து நீட்டுவார். நானும் வாங்கித் தேய்த்துக்கொள்வேன். மறுக்க மனசு வராது, வாசமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இத்தனை காரணம் சொல்கிற வாயிலிருந்து ஒன்று மட்டும் வருவதே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தக் கையை வைத்துக்கொண்டு நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில், கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில். கொள்கலன் எண்களை அடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஒவ்வொரு கொள்கலனுக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். எழுத்துக்கு இரண்டு கையும் வேண்டும், இலக்கத்துக்குக் கீபோர்டின் வலது ஓரத்து எண்கள், அடித்த கையோடு மவுஸுக்குத் தாவி அடுத்த கட்டத்தைத் தட்ட வேண்டும், மறுபடி எண்கள். அந்த எண் பகுதி வலது ஓரத்தில் அரைச் சாண் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதனால் மவுஸ் அதற்கும் அப்பால் போய்விடுகிறது, அதனால் கை உடம்பை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கிறது. பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஒரு பெண் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையை விழாமல் தாங்கிப் பிடிப்பது தோள்பட்டைத் தசை, அதற்கு நாள் முழுக்க ஓய்வே கிடையாது. எனக்கு முதலில் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்தது, அப்புறம் விரல்கள் மரத்துப்போயின, அதற்குப் பிறகுதான் தோள்.

அலுவலகத்தில் சொன்னபோது ஹெச்ஆரிலிருந்து ஒரு படிவம் வந்தது. முதல் கட்டமே விபத்து நடந்த தேதி. அடுத்தது நேரம், அடுத்தது இடம், அடுத்தது பார்த்த சாட்சி யார். நான் என்ன எழுதுவது? ஏணியிலிருந்து விழவில்லை, கதவில் விரல் மாட்டவில்லை. காலியாக விட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டு, "தேதி இல்லாம எப்படி வேலையில வந்த காயம்னு சொல்றது, வீட்ல சமைக்கிறீங்க, துணி காயப்போடுறீங்க இல்ல?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. இந்த வலியின் சங்கடம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஒரே நாளில் வந்திருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் பெண்ணுக்குச் சமையல் மேல் பழி, ஆணுக்கு வயசு மேல் பழி.

உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் தேதி ஏன் இல்லை என்பதும் புரியும். விரல்களை மடக்கி நிமிர்த்துகிற பெரிய தசைகள் விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் நீளமாக இறங்கி வந்து விரலைப் பிடித்து இழுக்கின்றன. மணிக்கட்டிலும் விரலிலும் இந்த நாண்கள் மெல்லிய உறைகளுக்குள் வழுக்கிக்கொண்டு போய் வரும். பாவாடை நாடா கோத்திருக்கிறதே, அதே மாதிரி. துணி நன்றாக இருந்தால் நாடா சர்ரென்று ஓடும், நாடாவில் ஒரு முடிச்சு விழுந்தாலோ துணி சுருங்கினாலோ பாதி வழியில் சிக்கி நிற்கும், பிடித்து இழுத்தால் டக்கென்று வரும். டிரிகர் ஃபிங்கர் என்கிறார்களே, காலையில் எழுந்தால் விரல் மடங்கியே நிற்கும், இன்னொரு கையால் நிமிர்த்தினால் டக்கென்று நிமிரும், அது அப்படியே இதுதான். கட்டைவிரலின் இரண்டு நாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் சேர்ந்து போகிற உறை தடித்தால் அதற்கு டி குவெர்வான் என்று பெயர், 1895இல் அதை எழுதி வைத்த சுவிஸ் அறுவை மருத்துவரின் பெயர். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். லேசாக இழுத்தால் பரவாயில்லை, எல்லோருக்கும் கொஞ்சம் இழுக்கும். உயிர் போகிற மாதிரி வலித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கும் இது வரும், குழந்தையைக் கக்கத்தில் கட்டைவிரல் கொடுத்துத் தூக்கித் தூக்கியே வந்துவிடும்.

மரத்துப்போவது வேறு கதை. உள்ளங்கை தொடங்குகிற இடத்தில் எலும்பும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து ஒரு குறுகலான வழி, அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. நாண்களைச் சுற்றி வீக்கம் வந்தால் நசுங்குவது நரம்புதான், அதுதான் கார்ப்பல் டனல். அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு அது போவதில்லை. அதனால் மருத்துவரிடம் "கை மரத்துப்போகுது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த விரல் என்று கவனித்துக்கொண்டு போங்கள். சுண்டுவிரலும் அதன் பக்கத்து அரை விரலும் மரத்தால் சிக்கல் பெரும்பாலும் முழங்கையில், வேறு நரம்பு. நடுராத்திரியில் கை மரத்து விழித்துக்கொண்டு உதறி உதறிச் சரி செய்கிறீர்களா, அதையும் சொல்லுங்கள், அந்த ஒரு தகவல் மருத்துவருக்கு நிறையச் சொல்லிவிடும்.

எனக்கு வந்ததும் மற்றவர்களின் கையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. எங்கள் சித்தப்பா யீஷூன் பக்கம் ஒரு கோப்பிக்கடையில் பிராட்டா, அதாவது பரோட்டா, போடுகிறவர், முதலாளி வேறு ஒருவர், இவர் சம்பளத்துக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நெரிசலில் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன், சாப்பிடப் போன ஆளாக இல்லாமல், கையை மட்டும். உருண்டையை எடுத்து எண்ணெய்க் கல்லில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தேய்க்கிறார், அது மணிக்கட்டைப் பின்னால் வளைத்து முழு எடையும் கொடுக்கிற அழுத்தம். அப்புறம் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் கிள்ளிப் பிடித்து, மணிக்கட்டை ஒரு சுழற்று, மாவு காற்றில் விரிகிறது, கல்லில் ஒரு அடி, திரும்ப ஒரு சுழற்று. கட்டைவிரலால் இறுக்கிக் கிள்ளிக்கொண்டே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் வெட்டுகிறார். மேலே சொன்னேனே அந்த முஷ்டிச் சோதனை, அதை வேகமாக, எடையோடு, ஒவ்வொரு பிராட்டாவுக்கும் செய்துகொண்டிருக்கிறார் மனிதர். வெந்ததும் சும்மா விடுவாரா, இரண்டு கைக்கும் நடுவில் வைத்து நாலு தட்டு, அப்போதுதான் பஞ்சு மாதிரி வரும். இடையில் யாராவது தே தாரேக், அதாவது ஆற்றி இழுக்கிற டீ, கேட்டால் ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்புக்குக் கீழ்.

"எவ்வளவு நாளா சித்தப்பா வலிக்குது?"

"வலியெல்லாம் இல்லம்மா. ராத்திரி மட்டும்தான். காலையில மாவுல கை வச்சா சரியாயிடும்."

இந்தப் பதிலை அதற்கப்புறம் பல பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். வேலை தொடங்கினால் வலி குறைகிறது, அதனால் வேலைக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்பு சூடேறினால் தசைநாண் வலி கொஞ்ச நேரம் அடங்குவது வழக்கமான ஒன்றுதான். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் தசை அளவுக்குக் கிடையாது, ஆகவே பகலில் உண்டாகிற சின்னச் சின்னக் கிழிசலை ராத்திரி முழுக்க மெதுவாகத்தான் சரி செய்யும், அது முடிவதற்குள் அடுத்த காலை மாவு பிசைய ஆள் எழுந்துவிடுகிறார். அதிக விசை, ஒரே அசைவு, வளைந்த நிலை, போதாத இடைவெளி, இவை ஒன்றோடு ஒன்று சேரும்போதுதான் ஆபத்து. தனியாக ஒன்று மட்டும் இருந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். குளிரும் அதிர்வும் சேர்ந்தால் இன்னும் மோசம், குளிர்பதனக் கிடங்கில் மீன் வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதிர்வு என்றதும் ஷிப்யார்ட் பையன்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். துவாஸிலும் ஜூரோங்கிலும் கிரைண்டர் பிடிக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள். என் தோழியின் தம்பி அப்படி ஒருத்தன், ஞாயிற்றுக்கிழமை தேக்கா என்கிற லிட்டில் இந்தியாவுக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, ரசம் குடிக்கும்போது டம்ளர் கையில் நிற்காது, இரண்டு கையால் பிடிப்பான். இரும்புத் தகட்டுக்குக் கீழே நின்றுகொண்டு, தலைக்கு மேல் கையைத் தூக்கி கிரைண்டரை அழுத்திப் பிடிக்கிற வேலை. தோளுக்கு மேல் கை போனால் அங்கே எலும்புக்கு நடுவில் போகிற தசைநாண் நசுங்கும். கருவியின் அதிர்வு விரல் நுனி நரம்பையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். குளிர் நாடுகளில் விரல் வெளுத்துப்போவதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். நம் வெயிலில் அந்த வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது, மரத்துப்போவதும் பிடிப்புத் தளர்வதும்தான் அடையாளம், அதனால் இன்னும் எளிதாகத் தப்பிவிடும். டாக்டரிடம் போய் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, வாங்கலாமே என்றால், "அக்கா, எம்சி எடுத்தா ஓவர்டைம் போயிடும், ஓவர்டைம் போனா ஏஜெண்ட் கடன் யாரு கட்டுறது?" என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்து நிமிர்ந்து கைகளை நீட்டி மடக்குங்கள் என்று சுவரில் படம் ஒட்டுகிறவர்களிடமும் இருக்காது.

பஃபலோ ரோட்டில் பூ கட்டுகிற அக்காக்கள், புருவத்துக்கு நூல் பிடிக்கிற பெண்கள், உணவங்காடியில் மேசை துடைத்துத் தட்டு அடுக்குகிற வயதானவர்கள், இடியாப்பம் பிழிகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எல்லார் கையிலும் ஏதாவது ஒன்று இருக்கிறது, யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை.

இது ஒன்றும் கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்ததும் இல்லை. இத்தாலியில் ராமாசினி என்ற மருத்துவர் 1713இலேயே குமாஸ்தாக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே திசையில் விடாமல் அசைப்பது, கணக்குத் தப்பக்கூடாது என்ற மன அழுத்தம், இந்த மூன்றும் சேர்ந்து நோய் தருகிறது என்றார். மூன்றாவதைக் கவனியுங்கள், 300 வருடத்துக்கு முன்னால் ஒருவர் டெட்லைனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரு எழுத்தருக்கு வலது கை போய்விட்டதாம், இடது கையால் எழுதப் பழகினாராம், கொஞ்ச நாளில் இடது கைக்கும் அதே கதி. நான் மவுஸை இடது கைக்கு மாற்றியபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்புறம் தந்தி வந்தது, கட்டுக் கட்ட என்று நாள் முழுக்கத் தட்டியவர்களுக்குக் கை இழுத்துக்கொண்டது, பிரிட்டன் 1908இல் அதை இழப்பீடு தரவேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 1980களில் ஆஸ்திரேலியாவில் தட்டச்சு செய்கிறவர்களும் தொழிற்சாலைப் பெண்களும் கூட்டம் கூட்டமாகக் கை வலி என்றபோது, இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, இழப்பீட்டுக்கு ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு பக்கமும், வேலைதான் காரணம் என்று இன்னொரு பக்கமும் வருஷக்கணக்கில் சண்டை. எங்கள் சூப்பர்வைசர் கேட்டது ரொம்பப் பழைய கேள்வி.

சரி, இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே சட்டத்தில் இது இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் கை, தோள் பகுதியில் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் பாதிப்புக்கு இடம் உண்டு. மனிதவள அமைச்சு வெளியிடும் கணக்கில் வழக்கமாக முன்வரிசையில் வருகிற தொழில் நோய்களில் சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையும் இந்தத் தசை, எலும்பு பாதிப்புகளும் உண்டு. இழப்பீடு தனிச் சட்டம், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், எல்லாரும் விக்கா என்பது. 2019இல் புதிதாக எழுதி 2020 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் இருக்கிற ஊழியர் யாராக இருந்தாலும் சேர்த்தி, சம்பளம் எவ்வளவு, வயது என்ன, எந்த நாட்டுக்காரர் என்பதெல்லாம் கணக்கில்லை. ஒர்க் பெர்மிட் தம்பிக்கும் உண்டு, எனக்கும் உண்டு. மருத்துவச் செலவு, எம்சி நாளுக்கான சம்பளம், நிரந்தரமாகக் கை பாதித்தால் ஒரு தொகை. முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வக்கீல் வைக்கவும் தேவையில்லை. வேலையால் வந்தது என்று காட்டினால் போதும்.

அந்த "போதும்" என்பதற்குள்தான் எல்லாப் பாடும். நோய்க்கு விபத்துத் தேதி இருக்காது என்பது சட்டத்துக்குத் தெரியும், மருத்துவர் இன்ன நோய் என்று கண்டுபிடித்த நாள்தான் கணக்கு, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் கோரிக்கை போட வேண்டும். தெரியாதது அந்தப் படிவத்தை நீட்டியவர்களுக்குத்தான். ஆக, எல்லாம் மருத்துவர் என்ன எழுதுகிறார் என்பதில் வந்து நிற்கிறது, அவர் எழுதுவதோ நாம் என்ன சொன்னோம் என்பதில். பாலிகிளினிக்கில், அதாவது அரசு மருந்தகத்தில், நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "கை வலிக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் வலி மாத்திரையும் தடவ ஜெல்லும் எழுதிக் கொடுத்து, குறிப்பில் மணிக்கட்டு வலி என்று போடுவார், அதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் போனைக் கொடுத்து நான் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் வீடியோ எடுக்கச் சொன்னேன், திரையில் இருக்கிற வாடிக்கையாளர் விவரம் தெரியாமல் கையை மட்டும். அதை டாக்டரிடம் காட்டி, ஒரு நாளில் சுமாராக எத்தனை மணி நேரம் இப்படி, எந்த மாதத்திலிருந்து வேலை கூடியது, லீவு நாளில் வலி எப்படி, நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போனால் எப்படி என்பதைச் சொன்னேன். கடைசி இரண்டும் முக்கியம். விடுமுறையில் குறைந்து வேலைக்கு வந்ததும் கூடுகிற வலி தன் காரணத்தைத் தானே சொல்லிவிடுகிறது. அவர் எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டு, மருத்துவமனையில் கைப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். பாலிகிளினிக் கடிதத்தோடு போனால் சலுகைக் கட்டணம் கிடைக்கும் என்பதால் நேரே தனியார் ஸ்பெஷலிஸ்டிடம் ஓடாதீர்கள்.

அடுத்து கேட்பது சர்க்கரை இருக்கிறதா என்று. இதில் நம் ஆட்கள் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் அதிகம், சர்க்கரை இருந்தால் கார்ப்பல் டனல், விரல் சிக்குவது, தோள் இறுகிப்போவது எல்லாம் வர வாய்ப்பும் அதிகம். தைராய்டு, கர்ப்பம் இரண்டுக்கும் அந்த மாதிரித் தொடர்பு உண்டு. கேட்பதில் தப்பே இல்லை, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சர்க்கரை என்று தெரிந்ததும் "ஓ, அதுதான் காரணம்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது பாருங்கள், அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சர்க்கரை இருக்கிறவர் கை வேலையைத் தாங்குவது குறைவு என்றால், அவருக்கு வேலையை மாற்றிக் கொடுக்க இன்னும் வலுவான காரணம் அது.

மருத்துவமனையில் எனக்குப் பிடித்த இடம் ஆக்குபேஷனல் தெரபி அறை. கைக்கு அச்சு செய்கிற மேசையில் ஒரு தட்டையான வெந்நீர்த் தொட்டி. தெரபிஸ்ட் முதலில் என் கையைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்து, அதே வடிவில் ஒரு கெட்டியான வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி, வெந்நீரில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது அப்பளம் மாதிரித் தொய்ந்தது. எடுத்துத் துண்டில் ஒற்றி, சூடு பொறுக்குமா என்று தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, என் மணிக்கட்டில் போர்த்தி, கட்டைவிரலைச் சுற்றி மடித்து, ஆறி இறுகும் வரை அப்படியே பிடித்துக்கொண்டார். பேசிக்கொண்டே செய்கிற வேலைதான், ஆனால் அவர் தன் மணிக்கட்டையே அப்போது எவ்வளவு வளைத்திருந்தார் என்பதை நான் பார்த்தேன். கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் வரும்" என்றார்.

கார்ப்பல் டனலுக்கு ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கிற கட்டு முதல் வைத்தியம். தூக்கத்தில் நமக்கே தெரியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், அதில்தான் நரம்பு நசுங்குகிறது. ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், சிலருக்கு மாதக்கணக்கில் நிம்மதி, சிலருக்குத் திரும்ப வரும். நரம்பு எவ்வளவு பாதித்தது என்று மின்சாரம் வைத்துப் பார்க்கிற சோதனை உண்டு, சுள் சுள்ளென்று இருக்கும், பயப்படும் அளவுக்கு இல்லை. கட்டைவிரல் மேட்டுச் சதை கரைய ஆரம்பித்துவிட்டால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது, அந்த நாரை வெட்டி இடம் விடுகிற சின்ன ஆப்பரேஷன், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். முழங்கை வெளிப்பக்கம் வருகிற டென்னிஸ் எல்போ, பெயர்தான் அப்படி, டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத பெயிண்டருக்கும் சமையல்காரருக்கும்தான் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மெதுவாக எடை இறக்குகிற பயிற்சி, பொறுமை, பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தணிந்துவிடும். சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் அமுக்கி நசுக்கிக்கொண்டு வருவதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மரத்துப்போகிற கையை அமுக்குவது நரம்புக்கு நல்லதில்லை. தைலம் பரவாயில்லை, கெடுதல் இல்லை.

எல்லாம் சரி, ஆனால் கட்டுப் போட்டுக்கொண்டு அதே மேசைக்குத் திரும்பினால் என்ன பிரயோஜனம். அலுவலகங்களுக்கு இங்கே எஸ்எஸ் 514 என்று ஒரு தர வழிகாட்டியே இருக்கிறது, மேசை, நாற்காலி, திரை, வெளிச்சம் எல்லாவற்றுக்கும். எனக்கு உதவியது என்னவோ விலை உயர்ந்த நாற்காலி இல்லை. எண் பகுதி இல்லாத சின்னக் கீபோர்டு ஒன்று, தனியாக ஒரு எண் பேட், அதை இடது பக்கம் வைத்துக்கொண்டேன். மவுஸ் உடம்புக்குப் பக்கத்தில் வந்தது, தோள் இறங்கியது. செலவு நூறு வெள்ளிகூட இல்லை. இன்னொன்று, ஒரே ஆள் நாள் முழுக்க அடிக்காமல் காலையில் அடிப்பது, மதியத்துக்கு மேல் சரிபார்ப்பது என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டோம், நான் மட்டும் இல்லை, அந்த வரிசையில் இருந்த எல்லாருமே. தனியாகக் கேட்டால் நோயாளி, சேர்ந்து கேட்டால் யோசனை. முழுதாக நடக்கவில்லை, மாதக் கடைசியில் பழையபடிதான், ஆனாலும் பாதி நடக்கிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கும் முறையை விட்டு நான் தமிழ்99 என்கிற தமிழ் விசைப்பலகை முறைக்கு மாறினேன். உயிரெழுத்து இடது கை, மெய் வலது கை என்று பிரிந்திருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்கிறது, இரட்டிக்கும்போது புள்ளி தானாக விழுகிறது, அம்மா என்று அடிக்க நாலே தட்டு. பழகும் வரை எரிச்சலாக இருக்கும். போனில் ஒற்றைக் கட்டைவிரலால் பத்தி பத்தியாகத் தட்டுவதை அடியோடு விட்டேன், இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் நீளமாகச் சொல்ல வேண்டியது எல்லாம் குரல்தான், சொந்தக்காரர்கள் திட்டுகிறார்கள்.

சட்டத்தில் ஓட்டை இல்லை என்று சொல்லவரவில்லை. வீட்டில் வேலை செய்கிற பணிப்பெண்கள் விக்காவில் கிடையாது. நம் வீட்டுத் தரையைப் பிழிந்து துடைக்கிற, பெரியவர்களைத் தூக்கி உட்காரவைக்கிற கைக்கு வேலையால் வந்த நோய் என்று இழப்பீடு கேட்க இடமில்லை, மருத்துவச் செலவு முதலாளி பொறுப்பு என்பதோடு நின்றுவிடுகிறது. சொந்தமாகக் கடை வைத்திருக்கிறவர்களும் வெளியேதான். உணவு கொண்டுவருகிற பையன்களுக்கு 2025 தொடக்கத்திலிருந்து தனிச் சட்டம் வந்து அதே அளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது, அது ஒரு ஆறுதல்.

சித்தப்பாவை ஒரு வழியாகப் பாலிகிளினிக் கூட்டிப்போனோம். டி குவெர்வான்தான், வலது கையில் நிச்சயமாக, இடது கையில் ஆரம்பம். பிராட்டா போடுவதையும் டாக்டருக்குக் காற்றிலேயே செய்து காட்டினார், அந்த வலியிலும் ஸ்டைலாக. டாக்டர் வேலை விவரத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலாளியிடம் கொடுக்கத்தான் மனிதர் தயங்குகிறார். "நல்ல மனுசன்ம்மா, எம் பொண்ணு கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவரு, அவரு மேல போய் கேஸ் போடுறதா?" இது கேஸ் இல்லை, பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம், அதற்காகத்தான் முதலாளி வருடா வருடம் பிரீமியம் கட்டுகிறார் என்று எத்தனை சொன்னாலும் ஏறவில்லை. முதலாளி தானாகவே வார நாளில் அவரைக் கல்லாவில் உட்காரவைத்திருக்கிறார், சனி ஞாயிறு மட்டும் கல். அந்த அளவுக்கு நல்லவர்தான். ஆனால் கண்டுபிடித்த தேதி இப்போது காகிதத்தில் இருக்கிறது, ஒரு வருடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்று சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் சொன்னால் சித்தப்பா கேட்பார்.